திரும்பி வராத போட்டோ

மலேசியாவில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தால் முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவது அவளுடைய போட்டோதான். தரகரின் சட்டைப் பையில் ஏறி, பஸ் பிடித்துப் போகும். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்திருந்தால் போட்டோவை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வரும் நாளைச் சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவாம். போட்டோ மட்டும் திரும்பி வரும்.

என் போட்டோ ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. மந்தினுக்குப் போனது வந்தது. சிரம்பானுக்குப் போனது வந்தது. கிள்ளானுக்குப் போனது மூலையில் காப்பிக் கறையோடு வந்தது. அந்தக் கறைக்காக அம்மா அந்த வீட்டாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். லயத்து வீட்டு வரிசைப் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னாடி, மறுபடியும் வந்துருச்சாமே?" என்று கேட்பார்கள். கேட்கும்போது முகத்தில் அப்படி ஒரு துக்கம். தண்ணீர் பிடித்துக்கொண்டு நான்கு வீடு தள்ளிப் போனதும் சிரிப்பார்கள்.

அப்பா சம்சு சாராயம் குடித்தே செத்தவர். இதற்குமேல் இந்தக் கதையில் அவருக்கு இடமில்லை. அம்மா பால்மரம் வெட்டித்தான், ரப்பர் மரத்தில் கத்தியால் கீறிப் பால் எடுத்துத்தான், என்னை வளர்த்தாள். விடியுமுன் எழுந்து போய், பகலில் புளித்த பால் வாடையோடு திரும்புவாள். விரல் இடுக்குகளில் கறுப்பு ஏறிப்போயிருந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை. அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்துக்க. இந்தக் கையோட நீ சாவக் கூடாது. தோட்டத்துல ஒருத்தனுக்கும் ஒன்ன குடுக்க மாட்டேன்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பாசம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சவால்தான் இருக்கும்.

போட்டோ திரும்பி வருவதற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் என் மூஞ்சி. "சிரின்னா, கடன்காரிய பாத்த மாதிரி மொறைக்கிற. எவன் எடுப்பான்?"

அவள் சொன்னது சரிதான். நான் வேண்டுமென்றேதான் முறைத்தேன். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பற்களைக் கடித்துக்கொள்வேன். போட்டோ திரும்பி வரும்போதெல்லாம் குழாயடியில் அவமானம், மனசுக்குள் நிம்மதி. காரணம், எங்கள் தோட்டத்துப் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன். எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் இருந்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும் முச்சந்தியில்தான் அவனுடைய லோரிக்குத் தினமும் ஏதாவது கோளாறு வரும். நல்ல லோரி அது. கோளாறு ஓட்டுகிறவனுக்கு.

அவனிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அம்மாவிடம் வந்து பெண் கேள் என்றால், "அடுத்த மாசம் கேக்குறேன்லா" என்பான். ஆனால் அம்மாவை எங்கே பார்த்தாலும் "அத்தை, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். எங்களில் அத்தை என்று கூப்பிட்டால் அவள் மகளைக் கட்டிக்கொள்ளும் முறை இருக்கிறது என்று அர்த்தம். அவன் பெண் கேட்டதெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான். அம்மாவுக்கு அது காதில் விழாமல் இல்லை. விழாததுபோல் இருப்பாள்.

கிள்ளான் போட்டோ திரும்பி வந்த பிறகு அம்மா என் பழைய போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டாள். தன்னுடைய கூறைப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, தம்பின் டவுன் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். மரம் வெட்டும் வேலையை விட்டு அவளால் வர முடியாது. நான் இதை முச்சந்தியில் அவனிடம் சொன்னேன். அவன் ரொம்ப யோசித்துவிட்டு, "நானும் வரேன். ஒங்கம்மாவுக்கு ஒரு போட்டோ, நமக்கு ஒரு போட்டோ. ஜோடியா எடுத்து ஒளிச்சி வச்சிக்குவோம்" என்றான். ஒளித்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன் என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

அவன் அதற்குமேலும் ஒன்று யோசித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. டி.வி.யில் ஏதோ வெள்ளைக்காரப் படத்தில் ஒருவன் முட்டி போட்டு மோதிரம் நீட்டுவதைப் பார்த்திருக்கிறான். அம்மாவிடம் பேசத் தைரியம் இல்லாதவனுக்கு இது செய்யத் தைரியம் வந்துவிட்டது. டவுனுக்குப் பால் ஏற்றிப்போகும் நேரத்தில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, அதை நடத்தும் சீன முதலாளியான தவுக்கேயிடம் திட்டத்தைச் சொல்லியிருக்கிறான். தவுக்கே முப்பது வருஷமாகத் தோட்டத்து ஆட்களைப் படம் பிடித்துக்கொண்டிருப்பவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவருக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. பெண் உட்காரும் ஸ்டூலில் அவரே தொந்தியோடு உட்கார்ந்து வெட்கப்பட்டுக் காட்ட, இவன் முட்டி போட்டுப் பழகியிருக்கிறான். தவுக்கேயின் சம்சாரம் சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாளாம். இவன் கேட்க வேண்டிய வசனத்தைக்கூடத் தவுக்கேதான் திருத்திக் கொடுத்தாராம்.

அந்த வாரச் சனிக்கிழமை நான் முதலில் அம்மாவுக்கான போட்டோவுக்கு உட்கார்ந்தேன். பின்னால் துணியில் அருவி வரைந்திருந்தது. தவுக்கே, "தங்கச்சி, சிரிலா" என்றார். நான் வழக்கம்போலப் பற்களைக் கடித்தேன். கிளிக். அதுவும் திரும்பி வரும் என்று எனக்குள் ஒரு திருப்தி.

அப்புறம் அவன் வந்து என் பக்கத்தில் நின்றான். தலையில் எண்ணெய், உடம்பில் யாருடைய கோட்டோ. தோள்பட்டை அவனைவிட அகலமாக இருந்தது. தவுக்கே மலாயில் எண்ண ஆரம்பித்தார். "சத்து, டுவா..." அவனைக் காணோம். குனிந்து பார்த்தால் கீழே முட்டி போட்டிருக்கிறான். கையில் சிவப்பு வெல்வெட் டப்பா, அதில் ஒரு மோதிரம். பழகி வைத்த வசனம் முழுதும் மறந்துபோய், மேலே பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"சரியா?"

நான் சிரித்துவிட்டேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. முகம் அவன் பக்கம் குனிந்து, கன்னமெல்லாம் சூடேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கிளிக். "சரி" என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான். மோதிரம் சுண்டுவிரலுக்கு மட்டும்தான் போனது. பரவாயில்லை என்றேன். அன்றைக்கு எனக்கு எல்லாமே பரவாயில்லை. வாழ்க்கையில் ஒரு நாள் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் என்றால் அது அந்தச் சனிக்கிழமைதான்.

எல்லாவற்றையும் திட்டம் போட்டவன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தவுக்கேக்கு ஒரு பழக்கம் உண்டு. கழுவிய படங்களில் தனக்கு ரொம்பப் பிடித்ததைப் பெரிதாகப் போட்டு, கடைவாசல் கண்ணாடிக்குள் வைத்துவிடுவார். அதை அவர் மரியாதையாக நினைத்துச் செய்வார். கடைவாசல் பஸ் ஸ்டேண்டைப் பார்த்து இருக்கும்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தம்பின் பாசாருக்குப் போனோம். நான் காய்கறிப் பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். ஸ்டூடியோவைத் தாண்டும்போது அம்மா நின்றாள். கண்ணாடிக்குள், எங்கள் தோட்டத்து ஆட்கள் பஸ் ஏறும் இடத்துக்கு நேரே, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பால் லோரிக்காரன் முட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அசையவே இல்லை. மரத்தில் பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுபோல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது அவனை அல்ல என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"இப்புடிலாம் சிரிப்பியா நீ?" என்றாள். கேள்வியில் கோபம் இல்லை. விலை படிந்துவிட்ட சந்தோஷம் இருந்தது.

நேராக உள்ளே போனாள். "தவுக்கே, வாசல்ல இருக்கே, அந்த படத்துல இந்த ஆள வெட்டிட முடியுமா?"

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் அழக்கூட மறந்து பையோடு நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. டப்பா பிடித்திருந்த கை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதை வெட்டினால் புடவையையும் சேர்த்து வெட்ட வேண்டும். "அந்த கைய மட்டும் பூ மாதிரி பூசி தரேன். சிவப்பு பூ. யாருக்கும் தெரியாது" என்றார் தவுக்கே. அம்மா தலையாட்டினாள். முட்டி போட்டுப் பழகச் சொல்லிக்கொடுத்த அதே மனுஷன்தான்.

இதோடு விட்டிருந்தால் அம்மாவை ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். அவள் விடவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பால் ஸ்டோருக்குப் போனாள். அவன் லோரித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓஸ் குழாயைக் கீழே போட்டான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"தம்பி, நீ டவுனுக்கு போறவன்தான? ஸ்டூடியோல எம்மக போட்டோ நாளைக்கி ரெடியா இருக்கும். வாங்கியாந்து குடுத்துடு. மாப்ள வீட்டுக்கு அனுப்பணும்" என்றாள் அம்மா.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை, எனக்கே குடுங்க என்று சொன்னால் போதும். அம்மா செருப்பால் அடித்திருப்பாள், ஊர் கூடியிருக்கும். கூடட்டுமே. அந்த நிமிஷமே கட்டிய புடவையோடு அவன் லோரியில் ஏறி உட்கார நான் தயாராக இருந்தேன்.

அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சரிங்க, பெரியம்மா" என்றான்.

பெரியம்மா. அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறை. பெரியம்மா மகள் தங்கச்சி. அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, வேலையை விட்டுத் தூக்குவேன் என்று சொல்லவில்லை. அம்மா தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில் அவன் என்னைத் தங்கச்சியாக்கிவிட்டு, ஓஸ் குழாயை எடுத்து மறுபடியும் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

மறுநாள் அவனே கவரைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். தன்னை வெட்டி எடுத்த படத்தைத் தானே சுமந்துகொண்டு வந்திருந்தான். பிறகு முச்சந்தியில் என்னிடம், "ஒங்கம்மா சொல்றதும் நியாயம்தான. நீயாச்சும் நல்லாருக்கணும்லா" என்றான். நான் சுண்டுவிரல் மோதிரத்தைக் கழற்றி அவன் முன்னாலேயே லோரியின் பால் தொட்டிக்குள் போட்டேன். அது எந்த ரப்பர் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு போய், எந்த ஊர் டயரில் ஓடியதோ.

அந்தப் போட்டோ சிரம்பானுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு ஆபீசில் வேலை. தண்ணி இல்லை, சிகரெட் இல்லை. அங்கேயே அம்பாங்கானில் சொந்த வீடு. பெண் பார்க்க வந்த அவருடைய அம்மா, "தல குனிஞ்சி சிரிக்கிற பொண்ணு இப்பல்லாம் எங்க கெடைக்கிது? பூவ பாத்து எப்புடி வெக்கப்படுது பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். என் அம்மா ரொம்ப அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குத் தோட்டத்து ஆட்கள் போக மானேஜர் லோரி கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான். லோரி என்றால் ஓட்டுகிறவனும் அவன்தான். மணவறையில் இருந்து பார்த்தபோது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பாயசம் இரண்டாவது தரம் கேட்டு வாங்கியதை நான் பார்த்தேன். அதோடு அவனை மனசிலிருந்து இறக்கிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இறங்கவில்லை. அவன்மேல் வந்த ஆத்திரம்தான் என்னோடு அம்பாங்கானுக்கு வந்து குடித்தனம் நடத்தியது.

என் வீட்டுக்காரர் என்னை அடித்ததில்லை. ஒருமையில்கூடத் திட்டியதில்லை. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "இந்த சிரிப்ப பாத்துதான் சரின்னு சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "போட்டோல சிரிச்ச பொண்ணு எங்க போச்சு?" என்பார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் காப்பித் தட்டோடு நிற்பேன். தீபாவளிக்குக் கேட்பார், என் பிறந்தநாளுக்குக் கேட்பார், மகள் பிறந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டார். "இப்பயாச்சும் அந்த மாதிரி ஒரு தடவ சிரியேன்." நானும் முயற்சி பண்ணியிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ம்ஹும். அது வேற" என்பார்.

பாவம், ஏமாந்த மனுஷன் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவருக்கு நான் ஒரு சிரிப்பு பாக்கி வைத்திருப்பதாகவே ஒரு குறுகுறுப்பு.

முட்டி தேய்ந்துபோய், மரம் வெட்ட முடியாமல் அம்மா எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, காலையில் வீடு துடைத்துக்கொண்டிருந்தோம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அம்மா கீழே உட்கார்ந்து முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவர் போட்டோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய பேப்பரால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

"ஏன் அத்தை, போட்டோல சிரிச்ச பொண்ண தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டிங்களா?"

அம்மா சிரித்தாள். வெகு சுகமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. கையில் இருந்த துணியைப் பக்கெட்டில் வீசினேன்.

"ஆமா, அங்கதான் விட்டுட்டு வந்தேன். நீங்க நெனைக்கிற மாதிரி அது பூ இல்ல. ஒருத்தன் கை. மோதிரத்தோட முட்டி போட்டு என்ன கேட்டான். அவன பாத்துதான் சிரிச்சேன். ஒங்களுக்காக சிரிக்கல. அம்மாதான் அவன வெட்டிட்டு ஒங்களுக்கு அனுப்புனாங்க. கேட்டுக்குங்க."

சொன்ன பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அவர் முகம் சுருங்கி விழுவதைப் பார்க்கக் காத்திருந்தேன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா சல்லடையை நிறுத்தவில்லை. "வெட்டலன்னா இந்த வீட்டுல ஃபேன் போட்டு ஒக்காந்திருப்பியா?" என்றாள்.

அவர் துடைப்பதை முடித்தார். பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார். படத்தை என் பக்கம் திருப்பி, பூவின் காம்பு முடியும் இடத்தில் விரலை வைத்தார். அந்த மூலையை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் இருந்ததில்லை. தவுக்கே பச்சை பூசியிருந்தார், இலை வரைந்திருந்தார். எல்லாவற்றையும் மறைத்தவர் அந்தக் கடைசி இடத்தில் ஒன்றை விட்டிருந்தார். கட்டைவிரல் நகம். ஓரத்தில் ரப்பர் பால் கறுத்துப்போன நகம்.

"பூவுக்கு நகம் இருக்குமா?" என்றார். குரல் எப்போதும்போல மெதுவாகவே இருந்தது. "தரகர் கொண்டாந்து குடுத்த அன்னிக்கே பாத்துட்டேன்."

தெரிந்துகொண்டுதான் கட்டியிருக்கிறார். விருந்தாளிகள் முன்னால், பிறந்தநாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். நான் கண்ணாடி முன்னால் உதட்டை இழுத்துக்கொண்டு நின்றதை எல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் நாற்காலி மேல் ஏறி, படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். கீழே இறங்காமல், "நேரா இருக்கா பாரு" என்றார்.

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.